சனம் விலகட்டும்

இதை எழுதுவதா விடுவதா என்று சில வருஷங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதத் தெரியாதது ஒரு காரணம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அதுவும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, மரங்களுக்குக் கீழே இருந்து படித்த பத்தாம் வகுப்பு. மற்றக் காரணம், இது இன்னொருத்தியின் வீட்டுக் கதை. ஒரு பெண்ணின் குடும்பக் கதை வாசல்படி தாண்டினால் திரும்பி வராது என்று சொல்லி எங்களை வளர்த்தார்கள். ஒரு தரம் எழுதத் தொடங்கி, தாளைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

போன ஆவணிச் சதுர்த்திக்குக் கோயில் மடத்தில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்து பூசணிக்காய் வெட்டிய ஒருத்தி, யாரும் கேட்காமலே, அந்தக் கதையை எடுத்துவிட்டாள். அவள் சொன்ன கதையில் ஓர் ஆண்பிள்ளை இருந்தான். நான் கண்ணால் கண்ட கதையில் அப்படி ஒருவனும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து, கால் கழுவி, விளக்கேற்றிவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

அவளின் பெயரை எழுதப் போவதில்லை. நாங்கள் 'பிள்ளை' என்றுதான் கூப்பிட்டோம். துணுக்காய்ப் பக்கத்துப் பெண். கிளிநொச்சியில், கண்டி வீதிக்குப் பின்பக்கமாக இருக்கிற எங்கள் வீட்டின் முன் அறையில் வாடகைக்கு இருந்தாள். புருஷன் ஜேர்மனியில். கலியாணத்துக்கு வந்து, ஒரு மாதம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவரிடம் போய்ச் சேர அந்த நாட்டு மொழியில் ஒரு சோதனை பாஸ் பண்ண வேண்டுமாம். அதற்கான வகுப்பு ரவுனில் நடந்தபடியால் எங்களிடம் வந்து தங்கினாள்.

அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவள் நிற்கிற நிலைதான். குடையைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு, போனை நெஞ்சளவுக்குத் தூக்கிப் பிடித்தபடி, ஏதாவது ஒரு கடைக்கு எதிரே நிற்பாள். உடனே படம் எடுக்கமாட்டாள். கடை வாசலில் யாராவது நின்றால் அவர் போகும் வரை நிற்பாள். அவர் போனதும் ஒரு சைக்கிள் வரும். சைக்கிள் போனதும் லொறி வந்து மறைக்கும். லொறிக்குப் பின்னால் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள். எல்லாம் ஓய்ந்து, பலகையும் சுவரும் கதவும் மட்டும் மிஞ்சுகிற ஒரு கணம் வரும். அந்தக் கணத்தில் விரலால் ஒரு தட்டு. பிறகு பெருமூச்சு விட்டு நடக்கத் தொடங்குவாள்.

முதல் முறை அவளோடு சந்தைக்குப் போனபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. கையில் கீரைக் கட்டு, மேலே வெயில். கீரை தலை தொங்கிவிட்டது.

"ஆரையும் பாத்துக்கொண்டு நிக்கிறியோ பிள்ளை?"

"இல்லை அன்ரி. கொஞ்சம் பொறுங்கோ. சனம் விலகட்டும்."

"சந்தையடியிலை சனம் விலகிறதெண்டால் ஊரடங்குதான் போடவேணும்."

சிரித்தாள். ஆனால் போனை இறக்கவில்லை.

'சனம் விலகட்டும்' என்பது நாளடைவில் அவளின் வாயோடு ஒட்டிப்போன சொல்லாகிவிட்டது. படம் எடுக்காத நேரத்திலும் அதைத்தான் சொல்வாள். கோயிலில் விபூதி வாங்கப் போனாலும் கடைசியில் நிற்பாள். பஸ் வந்தாலும் கடைசியில் ஏறுவாள். என் கணவர் நெல் ஆலையில் வேலை செய்கிறவர், அதிகம் கதைக்கமாட்டார். அவரே ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டு சொன்னார்: "இந்தப் பிள்ளை படம் எடுத்து முடியிறதுக்குள்ளை கிளிநொச்சி ரவுனை இன்னொருக்கா இடிச்சுக் கட்டிப்போடுவாங்கள்."

நான் அதை ஒரு விருப்பம் என்றுதான் நினைத்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சாப்பாட்டையும் படம் எடுக்கிறார்கள், இவள் கடைப் பலகையை எடுக்கிறாள் என்று விட்டுவிட்டேன். உண்மை தெரிந்தது ஒரு பொழுதுபடுகிற நேரம். அவளுக்குத் தேத்தண்ணி கொண்டு அறைக்குள் போனேன். என்னை உள்ளே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தி, கொளுக்கி போட்டாள். போட்ட கொளுக்கியைப் படம் எடுத்தாள்.

"அன்ரி, கொஞ்சம் அங்காலை தள்ளுங்கோ. உங்கட நிழல் விழுகுது."

"கொளுக்கியை என்னத்துக்குப் பிள்ளை எடுக்கிறாய்?"

படத்தை அனுப்பி, அங்கிருந்து ஒரு 'ம்' வந்த பிறகுதான் எனக்கு மறுமொழி சொன்னாள். கட்டிலில் இருந்து, சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, பாடம் ஒப்புவிப்பது மாதிரிச் சொன்னாள்.

"அவர் கேக்கிற நேரமெல்லாம் நான் எங்கை நிக்கிறன் எண்டு படம் அனுப்பவேணும் அன்ரி. பலகை தெரியவேணும். பலகை இல்லாட்டில் எந்த இடம் எண்டு நம்பமாட்டார். அவர் இந்த ரவுனிலை வளந்தவர்தானே, சந்து பொந்து எல்லாம் தெரியும். படத்திலை ஆம்பிளை ஒருத்தரும் விழக்கூடாது."

"பொம்பிளையள் நிண்டால்?"

"அவையளுக்குப் பின்னாலை ஆர் நிக்கிறது எண்டு கேப்பார்."

"விழுந்தால் என்ன செய்வார்?"

"போன முறை ஒரு ஓட்டோக்காரற்றை முழங்கை விழுந்திட்டுது. விசாப் பேப்பர் அனுப்புறதை நிப்பாட்டிப்போட்டார். அழுது கெஞ்சித்தான் திரும்பச் சம்மதிச்சவர்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "என்ர பாஸ்போட்டும் என்னட்டை இல்லை. ஓமந்தையிலை மச்சாளின்ர அலுமாரிக்குள்ளை. அவர் பேப்பர் அனுப்பாட்டில் நான் இங்கையும் இல்லை, அங்கையும் இல்லை. வீட்டை போனால் வாழாவெட்டி எண்டுவினம். அம்மா தாங்கமாட்டா."

தேத்தண்ணி ஆறிவிட்டது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, "பிள்ளையாரே, இந்தப் பிள்ளையை நீ பார்" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் ரவுனில் நிற்கும்போது எனக்குப் பார்வை வேறாகிவிட்டது. போன் சின்னதாய் ஒரு சத்தம் போடும். வாங்குகிற சாமானை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள், எந்தப் பலகை கிட்ட இருக்கிறது என்று. கிணற்றில் வாளி விழுந்தவள் கயிற்றைத் தேடுவது மாதிரி இருக்கும் அந்தப் பார்வை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கட்டாயத்தில் பார்க்கத் தொடங்கியவள்தான். பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு கண் வந்துவிட்டது. நான் இந்த ரவுனில் இத்தனை காலம் இருந்தும் காணாததை அவள் காட்டினாள். ஒரு வங்கியின் பலகைக்கு வெயில் படுகிறபோது எதிர்க்கடைக் கண்ணாடியில் அதன் எழுத்துகள் மிதப்பதைக் காட்டினாள். பழைய சுவர் ஒன்றில் யுத்த காலத்துச் செல் துண்டு பட்ட ஓட்டைகளுக்கு அடைத்த சீமெந்து மட்டும் வேறு நிறத்தில், அம்மை மாறின முகம் மாதிரி இருந்ததைக் காட்டினாள். சிங்களம் மேலே, தமிழ் நடுவில், இங்கிலீசு கீழே என்று எழுதிய பலகைகளில் மழைத் தண்ணீர் ஒழுகி, மூன்று மொழியிலும் ஒரே கறை இறங்கியிருப்பதைக் காட்டினாள். "பாருங்கோ அன்ரி, வடிவாயெல்லோ இருக்கு" என்பாள். சொல்லிவிட்டு, தான் ரசித்ததே பிழை என்பது போல் வாயை மூடிக்கொள்வாள்.

பழைய படத்தை அனுப்பி ஏமாற்றுகிறாள் என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இன்றைக்கு எடுத்த படம்தான் என்பதற்கு அடையாளம் கேட்டார். அவள் முதலில் தேத்தண்ணிக் கடையின் கரும்பலகையைப் பிடித்தாள். அன்றைய பலகாரத்தைச் சோக்கால் எழுதி வாசலில் வைக்கிற பலகை. ஒவ்வொரு நாளும் அதைப் படம் எடுத்ததும் கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "தங்கச்சிக்கு எங்கட வடையிலை ஒரு பக்தி" என்று சொல்லிக்கொண்டு அவர் எழுத்தைப் பெரிதாக்கினார், பூவும் கீறினார். பிறகு, தானும் பலகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கத் தொடங்கினார். அதோடு அந்த வழி அடைபட்டது.

பிறகு அவள் கண்டுபிடித்தது மரண அறிவித்தல். எங்கள் ஊர்களில் ஒருவர் கண் மூடினால் மறுநாள் காலை சந்திச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். படம், பெயர், பிறந்த நாள், இறந்த நாள், கிரியை நடக்கும் நாள் எல்லாம் இருக்கும். அதை விடப் பெரிய சாட்சி என்ன வேண்டும். காலையில் வகுப்புக்குப் போகிற வழியில் பசை காயாத நோட்டீஸ் எது என்று பார்த்து, கடைப் பலகையும் அதுவும் சேர்ந்து விழுகிற மாதிரி நின்று எடுப்பாள்.

"அதிலை ஆம்பிளையின்ர முகம் கிடக்கே பிள்ளை, ஒண்டும் சொல்லமாட்டாரோ?" என்று கேட்டேன்.

"செத்த ஆக்கள் நிக்கலாம் அன்ரி" என்றாள். "அதுக்கு மட்டும் ஒண்டும் சொல்லமாட்டார்."

ரவுனில் சனம் அவளைப் பற்றி வேறு கதைகள் கதைத்தது. எங்கள் சனத்துக்குக் கமரா என்றால் முகம் தானாகத் திரும்பும். ஆர் எடுக்கிறார்கள், ஆருக்குப் போகிறது என்று தெரியாமல் படத்தில் விழுந்தவர்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அதனால் அவள் போனைத் தூக்கினால் பாதிச் சனம் சொல்லாமலே விலகும். அவளுக்கு அது வசதியாகப் போனது. ஆனால் விலகினவர்கள் சும்மா இருக்கவில்லை. புலனாய்வு அனுப்பின ஆள் என்று சிலர். வீதி அகலிக்கக் கடைகளை அளக்கிற ஆள் என்று சிலர். இரும்புக் கடை முதலாளி ஒருவர், பயந்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த தன் பலகையைக் கழற்றி உள்ளே தள்ளி மாட்டினார். அவள் அந்தக் கடையை நம்பி நின்ற நாளில் பலகை இடம் மாறியிருந்ததால், வீட்டில் ஒரு மணித்தியாலம் போனில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

தேத்தண்ணிக் கடைக்காரரை விட்டால், விலகாமல் நின்றவர் ஒரே ஒருவர். கண்டி வீதியில் இருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை முகப்பில் சாறம், சீத்தைத் துணி விற்கிற முஸ்லிம் பெரியவர். எல்லோரும் 'நானா' என்போம். யுத்தத்துக்குள் முஸ்லிம் சனத்தை எல்லாம் வடக்கை விட்டுப் போகச் சொன்ன காலத்தில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன சின்னப் பெடியன். புத்தளத்தில் வளர்ந்து, தலை நரைத்துத் திரும்பி வந்து, வாப்பாவின் கடை இருந்த அதே இடத்தில் கடை போட்டவர். கடை புதிது. ஒழுங்கைப் பக்கத்துச் சுவர் மட்டும் பழையது, அதற்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்.

ஒரு மழை நாளில் குடையோடு நின்ற பிள்ளைதான் முதலில் கண்டாள். சுண்ணாம்பு நனைந்ததும் உள்ளே இருந்த பழைய எழுத்து மேலே வந்தது. நீல நிறத்தில் ஒரு பெயர், '& சன்ஸ்' என்று முடிந்தது. அவள் ஓடிப்போய் நானாவைக் கூட்டிவந்தாள். அவர் நனைந்துகொண்டு நின்று வாசித்தார். அது வாப்பாவின் பெயர்.

"அந்த சன்ஸ்லை ஒருத்தன் நான்தான் மகள்" என்றார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு சுவரோடு போய் நின்றார். "என்னையும் சேத்து ஒண்டு எடுங்கோ. புத்தளத்திலை தங்கச்சிக்கு அனுப்போணும். அவ பாத்தா சந்தோசப்படுவா."

அவள் போனைத் தூக்கவில்லை. அவளின் போனில் எடுத்த படமெல்லாம் தானாகப் புருஷனின் போனுக்கும் போய்ச் சேருகிற மாதிரி அவர் செய்துவைத்திருந்தார். வாய்ப் பழக்கத்தில், "நானா, சனம் விலகட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த இடத்தில் நின்ற சனம் அவர் ஒருவர்தான்.

நானா கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். கோபிக்கவில்லை. "சரி மகள்" என்று மெதுவாக விலகினார். மழை விட்டு, சுவர் காய்ந்து, எழுத்து திரும்ப உள்ளே போய்விட்டது. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. "விலகு எண்டு ஏற்கெனவே ஒருக்காச் சொல்லிக் கலைச்ச மனிசனை நானும் விலகச் சொல்லிப்போட்டன் அன்ரி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த மாரிக்காலத்தில்தான் சுவர்களுக்குப் படம் கீறுகிற வேலை நாடு முழுக்க நடந்தது. எங்கள் ரவுனிலும் பொடியள் பெயின்ற் வாளிகளோடு வந்து கீறினார்கள். மயில், பனை, தாமரைக் குளம். டிப்போச் சந்திக்குக் கிட்ட ஒரு நீளச் சுவரில் ஓர் உழவன். ஆள் அளவு. மேல் சட்டை இல்லை, மடித்துக் கட்டின சாறம், தோளில் கலப்பை, வாய் நிறையச் சிரிப்பு. கீறினவன் கெட்டிக்காரன். காலைச் சுவரின் அடியில், நிலத்தில் முட்டுகிற மாதிரியே கீறிவிட்டான். பொழுதுபடுகிற நேரம் அந்த வழியே வந்த என் கணவர், விலகச் சொல்லி அவனுக்குச் சைக்கிள் மணி அடித்தவர். வீட்டில் சொல்லிச் சிரித்தோம்.

மறுநாள் பிள்ளை அந்தச் சுவரைக் கடக்கும்போது போன் சத்தம் போட்டது. எடுத்து அனுப்பினாள். பக்கத்தில் ஒரு கடைப் பலகை, ஒரு மரண அறிவித்தல், சுத்தமான வீதி. ஒரு பிழையும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் குசினியில் இரண்டு பேரும் பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. கை முழுக்க மா என்றபடியால் சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்தாள்.

"ஆர் அவன்?"

"ஆர்?"

"மேலிலை சட்டையும் இல்லாமல் நிண்டு உனக்குப் பல்லைக் காட்டுறான். ஆர்?"

அவளுக்கு விளங்க நேரம் எடுத்தது. "அது சுவரிலை கீறின படம். உழவர். தோளிலை கலப்பை கிடக்கு, பெருப்பிச்சுப் பாருங்கோ."

"உழவர். மரியாதை வேறை."

நான் கையைத் துடைத்துக்கொண்டு போனுக்குக் கிட்டப் போனேன். "தம்பி, நான் வீட்டுக்கார அன்ரி கதைக்கிறன். அது வெறும் பெயின்ற் தம்பி. இந்தக் கிழமைதான் கீறினவங்கள்."

"அன்ரி, நான் அந்தச் சந்தியிலை பிறந்து வளந்தவன். அதிலை அப்பிடி ஒரு படமும் இல்லை."

"நீங்கள் இருக்கேக்கை இல்லைத் தம்பி. இப்ப இருக்கு."

"சரி. நீங்களும் அவவோடை சேந்திட்டியள்." பிறகு அவளிடம் சொன்னார்: "அது படம் எண்டால் நாளைக்கும் அதிலையே நிக்கவேணும். நாளையிண்டைக்கும் நிக்கவேணும். ஒவ்வொரு நாளும் அனுப்பு, பாப்பம்."

அவள் அனுப்பினாள். காலையில் முதல் வேலை அதுதான். மழையில் அந்த உழவனை எடுத்தாள், வெயிலில் எடுத்தாள். பக்கத்தில் ஒட்டுகிற இறந்தவர்கள் மாறிக்கொண்டிருந்தார்கள். அவன் சிரித்துக்கொண்டு நின்றான். கடைசியில் அது பெயின்ற்தான் என்று அவர் ஒத்துக்கொண்டார். அப்பாடா என்று நான் பிள்ளையாருக்கு மூன்று தேங்காய் உடைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். அடுத்த நாள் அவர் கேட்டார்: "அதைக் கீறினவன் ஆர்? அவனை உனக்குத் தெரியுமோ? கீறேக்கை நீ பாத்துக்கொண்டு நிண்டனியோ?"

"கீறினவையை நான் கண்ணாலையும் காணேல்லை அன்ரி" என்று என்னிடம் சொன்னாள். எனக்குத் தெரியும். அவர்கள் கீறிய நாட்களில் அவள் காய்ச்சலில் எங்கள் வீட்டில் படுத்திருந்தாள், கசாயம் வைத்துக் கொடுத்தது நான். ஆனால் கீறினவனோடு அவளுக்குத் தொடர்பு என்று அவர் ஓமந்தையில் தன் தங்கச்சியிடம், அதுதான் அந்த மச்சாளிடம், சொன்னார். தங்கச்சி இன்னும் யாரிடமோ சொன்னாள். மடத்தில் பூசணிக்காய் வெட்டியவளின் கதையில் வந்த ஆண்பிள்ளை இப்படித்தான் பிறந்தான்.

அதற்கிடையில் அவள் சோதனை பாஸ் பண்ணிவிட்டாள். செய்தி வந்த அன்று நான் பால் காய்ச்சிச் சக்கரை போட்டுக் கொடுத்தேன். அவருக்குச் சொன்னாள். அவர் சொன்ன மறுமொழியை நானும் கேட்டேன்: "அந்தச் சுவருக்கு வெள்ளை அடிச்சுப் படம் அனுப்பு. பிறகு பேப்பரைப் பற்றிக் கதைப்பம்."

யாருடைய சுவருக்கு யார் வெள்ளை அடிப்பது. அவள் பாலைக் குடித்து முடித்தாள். பின்னேரம் கோயிலுக்குப் போகிற வழியில் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றாள். போனைத் தூக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவரையும் என்னையும் ஒரே ஆள்தான் கீறியிருக்குது போலை அன்ரி. இரண்டு பேருக்கும் காலெடுத்து வைக்க இடமில்லை."

"அவனுக்குப் பசிக்காது. நீ வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பூசை முடியும் வரை அவள் கண்ணை மூடவில்லை. விக்கிரகத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

சில நாள் கழித்து நல்ல மழை. மத்தியானம். நானும் அவளும் சாமான் வாங்கிக்கொண்டு நானாவின் ஒழுங்கையடிக்கு வந்தபோது பிடித்துவிட்டது. சனம் நாலு பக்கமும் ஓடிவந்து கடைத் தாழ்வாரத்துக்குள் ஒதுங்கியது. தேத்தண்ணிக் கடைக்காரர் ஒரு தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். ரியூசன் பிள்ளைகள், ஓட்டோக்காரர்கள், வயலால் வந்த இரண்டு பேர். சுவர் நனைந்தது. நீல எழுத்து மெல்ல மெல்ல வெளியே வந்தது. நானா கடைக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, பிள்ளை நிற்பதைக் கண்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அந்த நேரம் அவளின் போன் சத்தம் போட்டது. எங்கே நிற்கிறாய் என்ற கேள்விதான்.

அவள் குடையைச் சுருக்கி என் கையில் தந்தாள். மழைக்குள் இறங்கி ஒழுங்கையின் மறு கரைக்குப் போனாள். அங்கிருந்து கூப்பிட்டாள். "நானா, வாங்கோ. வாப்பாவின்ர பேருக்குக் கீழை வந்து நில்லுங்கோ."

நானா நம்பாமல் வந்தார். தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நேராக நின்றார். தாழ்வாரத்தில் நின்றவர்கள் வழக்கம் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அங்காலே நகரப் பார்த்தார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர்தான் சத்தமாகச் சொன்னார்: "ஓய், விலகுங்கோ. பிள்ளைக்குச் சனம் விழக்கூடாது."

"வேண்டாம் அண்ணை" என்றாள் அவள். "சனம் நிக்கட்டும்."

மழைச் சத்தத்துக்குள்ளும் அது எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் விலகவில்லை. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. திரும்பின முகங்களும் திரும்பி வந்தன. ஒரு ஓட்டோக்காரர் தலைமயிரைக் கையால் வாரினார். நானும் அதில் நிற்கிறேன், கையில் அவளின் குடையோடு. அவள் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தப் படத்தை, எங்கே நிற்கிறாய் என்று கேட்ட புருஷனுக்குத் தன் கையாலேயே அனுப்பினாள்.

போன் அடிக்கத் தொடங்கியது. அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, பிறகு என் போன் அடித்தது.

"அன்ரி, அவளிட்டைக் குடுங்கோ."

"அவா படம் எடுத்துக்கொண்டு நிக்கிறா தம்பி."

"ஆரை எடுக்கிறா?"

"எல்லாரையும்" என்றேன். வேறு என்ன சொல்ல.

அவர் அதற்குப் பிறகு அவளோடு கதைக்கவில்லை. அவர் சொல்ல வேண்டியதை மச்சாள் ஓமந்தையில் இருந்து போனில் சொன்னா. அதை நான் எழுதமாட்டேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்று மட்டும் சொன்னாள்: "சரி மச்சாள். பாஸ்போட்டை எடுத்து வையுங்கோ, வந்து வாங்கிறன்."

வெள்ளிக்கிழமை காலை நான்தான் அவளை ஓமந்தைக்குப் போகிற பஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். ஒரு பை, அந்தக் குடை. விபூதியும் கோயில் பூவும் ஒரு பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தேன். உழவனின் சுவரைக் கடந்துதான் போனோம், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வந்ததும் சனம் முண்டியடித்தது. நான் ஒதுங்கி நின்றேன், அவளும் நிற்பாள் என்று. அவள் நிற்கவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சனத்துக்குள் இடித்துக்கொண்டு முதல் ஆளாக ஏறினாள். யன்னலால் கையைக் காட்டினாள். அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு கிழவி, மடியில் ஒரு கோழிக் கூடை. அவ்வளவுதான். அவளை ஏற்றிவிட்டு நின்றது நான் ஒருத்தி.

மச்சாள் பாஸ்போட்டைக் கொடுத்தாவோ இல்லையோ எனக்குத் தெரியாது. நான் அழைத்த நம்பர் வேலை செய்யவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேலாகி, புது நம்பர் ஒன்றில் இருந்து எனக்கு ஒரு படம் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. ஒரு பாதை. இரண்டு பக்கமும் வெளி. பலகை இல்லை, சுவர் இல்லை, நோட்டீஸ் இல்லை. எந்த ஊர், எந்த நாடு என்று கண்டுபிடிக்க அதில் ஒன்றும் இல்லை. நடுவில் பாதையில் நீளமாக விழுந்து கிடந்தது ஒரு நிழல், கமக்கட்டுக்குள் குடையோடு. கண்டதும் எனக்கு ஆளைத் தெரிந்தது. கணவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "எங்கையாம்?" என்றார். "கேக்கேல்லை" என்றேன். "கேக்காதை" என்றார்.

நானாவின் மழைப் படமும் புத்தளத்தில் தங்கச்சியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒன்று பெரிதாக்கிக் கடைக்குள் மாட்டியிருக்கிறார். சுவர் காய்ந்திருக்கிற நாளிலும் அதில் பெயர் தெரியும். அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையை நீங்கள் யாருக்கும் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்றுதான் எழுதினேன். அவரைக் கூடாதவராக்கிப் பெருப்பிக்கவும் வேண்டாம், அவளைத் தெய்வமாக்கவும் வேண்டாம். நான் சொன்னபடியே சொல்லுங்கள். அந்த பஸ்ஸிலும், அந்தப் பாதையிலும் அவளோடு வேறு ஒருவரும் இல்லை. இல்லாத ஓர் ஆளை நீங்களும் கொண்டுபோய் அந்தப் படத்துக்குள் நிற்பாட்டிவிடாதேங்கோ.